சுடுதண்ணி மட்டும் நூல் மாதிரி வந்துச்சு: என் அனுபவம்

ஷவர்ல பச்சத்தண்ணி நல்லா ஃபோர்ஸா வருது, சுடுதண்ணி பக்கம் திருப்புனா மட்டும் நூல் மாதிரி வருது. ஷவர் ஹெட்ட கழட்டி வினிகர்ல ஊற வெச்சேன், பிரயோஜனமில்ல. பிளம்பர் வந்து மிக்ஸர் உள்ள இருக்குற கார்ட்ரிட்ஜ மாத்தினாரு, அதுவும் வேஸ்ட். டிடிஎஸ் மீட்டர் வெச்சும் பாத்தாச்சு, ஆனா அது கரைஞ்சிருக்குற எல்லா உப்பையும் சேத்துதான் காட்டும், பைப்புல படிஞ்சு அடைக்கிற கால்சியம் எவ்ளோன்னு தனியா சொல்லாது.

பக்கெட் அடில வெள்ளையா செதில் செதிலா கிடந்தத பாத்துதான் பிடி கிடைச்சுது. ஏதோ பைப்போட பிளாஸ்டிக் உரியுதுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க, ஒரு செதில எடுத்து அதுமேல வினிகர் விட்டேன், புஸ்ஸுனு நுரைச்சுது. பிளாஸ்டிக் நுரைக்காது, கால்சியம் கார்பனேட், அதாவது உப்புத்தண்ணி விடுற வெள்ளப் படிவு, நுரைக்கும். தண்ணி சூடாக சூடாகத்தான் இது படியும், அதனாலதான் பச்சத்தண்ணி லைனுக்கு ஒண்ணும் ஆகல.

மெயின ஆஃப் பண்ணிட்டு, கீசருக்கு தண்ணி வர்ற வால்வையும் மூடிட்டு, சுடுதண்ணி வெளிய வர்ற பைப்ப கழட்டினா ஓட்டை பென்சில் முனை அளவுக்கு சுருங்கிப்போயிருக்கு! சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ராத்திரி பூரா ஊற வெச்சு பிரஷ் போட்டதும் கிளியர். டேங்க்கயும் டிரெய்ன் பண்ணி அடில இருந்த வண்டல வெளியேத்தியாச்சு. 75 டிகிரில இருந்த தெர்மோஸ்டாட்ட 60க்கு குறைச்சிருக்கேன், சூடு கம்மியானா படியுறதும் கம்மியாகும். இப்ப ரெண்டு பக்கமும் ஒரே ஃபோர்ஸ், அப்பாடா.