புத்தகம் படிக்கிற குரல் ஔவையாரை "ஒ-ள-வையார்"ங்குதா? சரி பண்ற வழி

போன வாரம் சேலத்துலேருந்து ஏற்காடு பஸ்ல போறேன், காதுல போன் அதியமான் கதை படிக்குது, நெல்லிக்கனியை வாங்கிக்கிட்டது யாருன்னா "ஒ-ள-வையார்"ங்குது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் அதேதான், எனக்கு வளைவுல வர்ற தலைசுத்தலை விட இதுதான் ஜாஸ்தியா இருந்துச்சு. குரலைத்தான் திட்டிட்டிருந்தேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்தா தப்பு டைப் பண்ணவர் மேல.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, கம்ப்யூட்டர் திரைல இருக்கறதைப் படிச்சுக் காட்டற சாஃப்ட்வேரான என்விடிஏவை (NVDA) ஓடவிட்டு அந்த ஃபைலை நோட்பேட்ல திறந்து அந்த வார்த்தைல அம்புக்குறியால ஒவ்வொரு எழுத்தா நகருங்க. ஔ ஒரே எழுத்து, ஒரு தடவைதான் நிக்கணும். ஒ-ன்னு ஒரு தடவை, ள-ன்னு இன்னொரு தடவை நின்னா ரெண்டு எழுத்தை ஒட்ட வெச்சிருக்காங்க. சந்தேகம் இருந்தா நம்பர் பேட்ல 2-ஐ மூணு தடவை வேகமா தட்டுங்க, எழுத்தோட நம்பர் சொல்லும்: ஔ-ன்னா 2964, ள-ன்னா 2995. கௌரி "கெ-ள-ரி" ஆகறதும் இதே கதைதான், கண்ணுல பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே தெரியும்ங்கறதால யாரும் திருத்த மாட்டாங்க.

இப்ப இன்சர்ட்டோட N எழுத்தை அழுத்தி, பிரிஃபரன்சஸ், ஸ்பீச் டிக்ஷ்னரி, டீஃபால்ட். ஆட் குடுத்து பேட்டர்ன்ல தப்பான "ஒளவை", ரீப்ளேஸ்மென்ட்ல சரியான "ஔவை". டைப்புல எனிவேர் வைங்க, முழு வார்த்தைன்னு வெச்சா "ஒளவைக்கு", "ஒளவையாரோட" எல்லாம் திருந்தாம தப்பிச்சிடும், நம்ம பாஷைல வேற்றுமை ஒட்டிக்கிட்டுதானே வரும். நான் முதல்ல சோம்பேறித்தனமா வெறும் "ஒள"வை மாத்தினேன், அப்புறம் ஒளி, ஒளிவு மறைவு எல்லாமே நாசம்.

குகை (சேலத்துல இருக்கற ஏரியா), காந்தி, பாரதி வேற ரகம். எழுத்து சரி, ஆனா தமிழ்ல ஒரே க-தான், என்விடிஏவோட வர்ற ஈஸ்பீக் குரல் நம்ம குகையை "காலை"ல வர்ற க மாதிரி சொல்லும், நாம சொல்றது "தங்கம்"ல வர்ற க. இதுக்கு ரீப்ளேஸ்மென்ட்ல இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பு மாதிரி அடிச்சு ரெண்டு மூணு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி கேட்டுப் பாருங்க. பாரதியாருக்குத் தனியா ஒரு என்ட்ரி போடுங்க, இல்லன்னா பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்னு வெட்டி வெட்டி வரும். எனக்கு இது அவ்வளவா பிடிக்கல, ரொம்ப எரிச்சல் பண்ற பேருக்கு மட்டும் போடறேன்.

ஸ்கேன் பண்ண புத்தகத்துல கால் "கரல்"னு வந்தா டிக்ஷ்னரில மல்லுக்கட்டாதீங்க, திரும்ப ஸ்கேன் பண்றது மேல். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்னா முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க.

டிக்ஷ்னரி பேச்சை மட்டும்தான் மாத்தும், ஃபைலைத் தொடாது. அதனால போன்ல கேக்கறதுக்கு நோட்பேட்லயே ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பண்ணி, அந்த ஃபைலைப் போனுக்கு ஏத்திக்கங்க.