கம்பை மாவாக வாங்காதீர்கள், கூழாகக் காய்ச்சுங்கள்

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பல கடைகளில் கம்பு மாவு பாக்கெட் வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் அதை வாங்கிப்போய் தோசை ஊற்றிப் பார்த்து, ஒரே கசப்பு என்று கம்பையே ஒதுக்கியவர்கள் உண்டு. அந்தக் கசப்பு பெரும்பாலும் பழைய மாவினால் வருவது. 100 கிராம் கம்பில் 5 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது, வெள்ளை அரிசியில் அரை கிராம்தான் இருக்கும். முழு தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்புக்கு ஒன்றும் ஆகாது. அரைத்துவிட்டால் தானியத்துக்குள் இருக்கும் நொதியும் வெளிக்காற்றும் சேர்ந்து அதைச் சிதைக்க ஆரம்பித்துவிடும், வெயில் காலத்தில் சில நாளிலேயே காறல் வாடை வந்துவிடும். அதனால் முழுக் கம்பாக வாங்குங்கள், வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.

சத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் கம்பில் புரதம் சுமார் 11 கிராம், நார்ச்சத்து 11 கிராம், இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். வெள்ளை அரிசியில் புரதம் 8, நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு, இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கால்சியத்துக்காகக் கம்பு சாப்பிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அது கேழ்வரகின் பெருமை, கம்பில் கால்சியம் குறைவுதான்.

இரும்பு இருக்கிறது என்பதால் அவ்வளவும் உடம்பில் சேர்ந்துவிடாது. கம்பில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்க வைத்தால் அந்த அமிலம் குறைகிறது. மாலி நாட்டில் 4500 வருடங்களுக்கு முந்தைய கம்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவு பழைய தானியம். அது விளையும் ஆப்பிரிக்க ஊர்களிலும் புளித்த கஞ்சி உண்டு, நம் ஊரிலும் கூழைப் புளிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

சரி, கூழுக்கு வருவோம். ஒரு டம்ளர் கம்பைக் கல் அரித்துக் கழுவி, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு ஒரு பத்து நிமிடம் ஈரத்தோடு விடுங்கள். அப்புறம் மிக்சியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் மேல்தோல் கழன்றுவரும், அதை முறத்தில் புடைத்து எடுத்துவிடலாம். முழுவதும் போக வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், தவிட்டோடு சத்தும் போகும். தொண்டையில் உறுத்தாத அளவுக்குப் போனால் போதும். அடுத்து ரவை பதத்துக்கு உடைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மூடி, இரவு முழுக்க அப்படியே வையுங்கள்.

காலையில் ரவை அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், லேசான புளிப்பு வாசம் வரும். அந்தத் தெளிந்த தண்ணீரை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, இன்னும் ஒன்றிரண்டு டம்ளர் சேர்த்து, உப்புப் போட்டுக் கொதிக்க விட்டு, அடியில் தங்கியதைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். தீ சின்னதாக இருக்கட்டும். இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும், இதில் அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும், இல்லையென்றால் உள்ளே வேகாமல் வயிற்றை வலிக்கும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது, அதுதான் வெந்த பதம். ஆறியதும் உருண்டை பிடித்து, மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை தயார். உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடியுங்கள்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல் என்று உங்கள் விருப்பம். நான் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வது பச்சை மாங்காய்த் துண்டு அல்லது ஒரு நெல்லிக்காய், ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் கம்பின் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். கூழ் குடித்த கையோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கம்புதானே என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது. அரிசியைவிட நார்ச்சத்து அதிகம்தான், ஆனாலும் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து உங்கள் அளவை நீங்களே முடிவுசெய்யுங்கள். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தினமும் கம்பு சாப்பிடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்தச் சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடிய சில பொருட்கள் இந்தத் தானியத்தில் உண்டு. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தத் தொல்லை கம்பில் இல்லை.

மிச்ச உருண்டைகளின் தண்ணீரைத் தினமும் மாற்றினால் இரண்டு நாள் தாங்கும், கோடையில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாற்றும்போது வடிக்கிற நீராகாரத்தைக் கொட்டாமல், உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்து வெயிலில் போய் வந்தவர்களுக்குக் கொடுங்கள்.