நான்கு எழுதினால் எட்டு: ஒரு கணக்குச் சிக்கல் தீர்ந்த விதம்

தாழையூத்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், மேற்கு வங்காளத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் 2+2க்கு 8 என்றும், 5+2க்கு 9 என்றும் எழுதுவதாக அந்த வகுப்பு ஆசிரியை, ஆசிரியர் பயிற்றுநரான என்னிடம் சொன்னார். தமிழ் புரியவில்லை போலும் என்று கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பார்த்தோம், பயனில்லை. தமிழக அரசின் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் அதே கதைதான்.

பிறகு புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொன்னபோது, ஒரு சிறுமி நான்கைச் சரியாக எடுத்து வைத்துவிட்டு, சிலேட்டில் மட்டும் எட்டு எழுதினாள். வங்க எழுத்தில் நான்கு நம் எட்டைப் போலவும், ஏழு ஏறக்குறைய ஒன்பதைப் போலவும் இருக்கும். அந்நியமாகத் தெரிந்த மற்ற வடிவங்களை ஆசிரியை முன்பே திருத்தியிருந்தார். பழகிய முகம் காட்டிய இவ்விரண்டும் தப்பிவிட்டன.

வங்க எண்கள் மேலும் பள்ளி எண்கள் கீழுமாக எழுதிய அட்டையை மேசையில் ஒட்டி, விடையை முதலில் வங்க மொழியிலேயே சொல்லிவிட்டு எழுதச் செய்ததும் பிழை நின்றது. சுழியம் இரண்டிலும் ஒன்றே என்பதால் அதில் தொல்லையில்லை. ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் வந்தாலும் அவரவர் எண் வடிவங்களை முதல் நாளே எழுதி வாங்கிவிடுமாறு ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.