பூட் ஆகவில்லையா? ஃபார்மேட்டை அப்புறம் பார்க்கலாம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரளப் பள்ளி லேப்களில் அரசின் கைட் நிறுவனம் தரும், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஒட்டிய சிஸ்டம்தான் ஓடுகிறது. அதையே வீட்டிலும் போட்டுக்கொண்டு, எதையோ மாற்றி, மறுநாள் கறுப்புத் திரையோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்களா?" பெரும்பாலும் போயிருக்காது. ஒரே ஒரு வரிதான் தப்பாகியிருக்கும். அதற்குப் பயந்து ஃபார்மேட் அடிப்பதுதான் முதல் தவறு. படங்கள், பிராஜெக்ட் எல்லாம் அதில்தான் போகும்.

அடிக்கடி மாட்டுவது லினக்ஸின் எஃப்ஸ்டேப் (/etc/fstab) ஃபைல். எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்ய, அதாவது எந்த ஃபோல்டரில் இணைக்க வேண்டும் என்று சிஸ்டம் பூட் ஆகும்போது பார்க்கும் பட்டியல் அது. இரண்டாவது டிஸ்கை 'எஸ்டிபி1' (sdb1) என்று அதில் எழுதிவைப்பார்கள். டிஸ்க் கண்டுபிடிக்கப்படும் வரிசை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அதற்குப் பதில் பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடியை (UUID), அதாவது வரிசை மாறினாலும் மாறாத அடையாளக் குறியை எழுதுங்கள். எப்போதாவது செருகும் வெளி டிஸ்க் என்றால் அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) சேர்த்துவிடுங்கள்; டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் எழுந்துவிடும். நோஃபெயிலும் சேர்க்காமல் டிஸ்கும் இல்லாவிட்டால் வழக்கமாக 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில், அதாவது கட்டளை மட்டும் தட்டக்கூடிய பழுதுபார்ப்புத் திரையில் போய் நிற்கும். அதற்குள் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துபவர்கள்தான் அதிகம்.

எமர்ஜென்சி மோடில் ஃபைலைத் திருத்தினாலும் சேவ் ஆகாமல் போகலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். எழுதும்படி ரீமவுண்ட் செய்துவிட்டுத் திருத்துங்கள். சந்தேகப்பட்ட வரியை அழிக்காமல் முன்னால் # போட்டு வைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூட் எனும் நிர்வாகிக் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளேயே விடாவிட்டால், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, உள் டிஸ்கை மவுண்ட் செய்து, அந்த உள் டிஸ்கில் இருக்கும் எஃப்ஸ்டேப்பைத் திருத்தலாம். லைவ் சிஸ்டத்துக்கென்றும் ஒரு எஃப்ஸ்டேப் உண்டு. அவசரத்தில் அதைத் திருத்திவிட்டு "மாறவே இல்லை" என்பவர்களும் இருக்கிறார்கள்.

திருத்தியதும் நேராக ரீபூட் செய்யாதீர்கள். 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையை வெரிஃபை விருப்பத்தோடு (findmnt --verify) ஓட்டினால் பிழையான வரியை அங்கேயே சொல்லிவிடும்.

விண்டோஸ் கதை வேறு. கணினி எழும்போதே வரும் பயாஸ் செட்டிங்கில், டிஸ்கோடு பேசும் முறையான சேட்டா மோடை ரெய்டிலிருந்து (RAID) ஏஹெச்சிஐக்கு (AHCI) மாற்றினால் நீலத் திரை வரலாம். பழையபடி மாற்றி வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டும் கைவைத்தியம் இங்கே ஆபத்து: எல்லா செட்டிங்கும் ஃபேக்டரி நிலைக்குப் போய்விடும், எதை மாற்றினோம் என்ற தடயமும் போய்விடும். பயாஸில் கைவைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட லேப்டாப்பில், நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் செட்டிங்கை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். வீட்டு லேப்டாப் என்றால் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களைக் கேளுங்கள். எங்குமே கீ இல்லாவிட்டால், செக்யூர் பூட்டைப் பழைய நிலைக்கே வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். கீ கேட்காமலே திறந்துகொள்ள வாய்ப்புண்டு.