ஹட்டனில் சைக்கிளோடு இறங்குங்கள்: காசல்ரீ, மவுசாக்கலை ஏரிக்கரைகளில் ஒரு பயணம்

ஊருக்குப் போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வான் பிடித்து யாழ்ப்பாணம், நல்லூர், கீரிமலை, ஒரு கலியாண வீடு, திரும்பும்போது இரண்டு மூன்று நாள் மிஞ்சினால் கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயில், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம், அவ்வளவுதான். அந்த ரயில் மலையகத்து ஹட்டனிலும் நிற்கிறது. ஆனால் நம் ஆட்கள் அங்கே இறங்குவது மிகக் குறைவு. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ சனி ஞாயிறுகளில் சைக்கிள் ஓடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், நான் சொல்வது ஒன்றுதான்: எல்லவை அடுத்த முறைக்கு விட்டுவிட்டு ஹட்டனில் இறங்குங்கள். இரண்டு பெரிய ஏரிகள், அவற்றைச் சுற்றித் தேயிலை, மேலே காடு, எல்லாவற்றுக்கும் மேலே சிவனொளிபாதமலை. வழி கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும்.

ஏரிகள் என்று சொன்னாலும் இரண்டும் நீர்மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்தது காசல்ரீ, மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுசாக்கலை. இரண்டு ஆறுகளும் கீழே போய்ச் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் அங்கே இருந்த கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். அப்படி ஒரு காலத்தில் நீங்கள் போக நேர்ந்தால் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சேறு நம்ப முடியாதது. ஏரியில் குளிப்பதும் வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், நீர்மட்டமும் ஏறி இறங்கும்.

எப்போது போவது என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது. கோடை விடுமுறையில், அதாவது ஜூலை ஓகஸ்டில், பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம், ஆனால் இந்தப் பக்கத்துக்கு அது சரியான காலமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் கொட்டித் தீர்க்கும், நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஏப்ரலிலும் ஓடலாம், பின்னேரத்தில் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டு காலை 6 மணிக்கே கிளம்பி மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், அப்போது சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணி வீதி முழுக்க பஸ்சும் வானும்தான். ஆகவே வாரநாட்களில் ஓடுங்கள். போயா நாளுக்கு முதல் நாள் இரவு அந்த வீதியில் இருக்கவே வேண்டாம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தை மோசமாகத் தாக்கியது. மண்சரிவில் வீடுகளும் உயிர்களும் போயின, வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. அதனால் பழைய வரைபடத்தையோ இரண்டு வருடத்துக்கு முந்திய வீடியோவையோ நம்பிப் பாதை போடாமல், தங்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கதைத்து எந்த வீதி திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளை ரயிலில் கொண்டுபோவதென்றால் கொழும்பு கோட்டை நிலையத்தின் பார்சல் பகுதியில் கட்டணம் கட்டிக் கார்ட் (காவலர்) பெட்டியில் ஏற்ற வேண்டும். எல்லா ரயிலிலும் இடம் கிடைக்காது, நேரத்தோடு போய்க் கேளுங்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு வான் பிடிப்பது சுலபம். கொழும்பிலிருந்தே ஓடிக்கொண்டு வரத் துடிப்பவர்களுக்கு அவிசாவளை – ஹட்டன் – நுவரெலியா ஏ7 வீதி இருக்கிறது, ஆனால் கித்துல்கலவிலிருந்து ஹட்டன் வரைக்கும் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற வேண்டும், அதுவும் புழுக்கத்தில், பஸ்களுக்கு நடுவில். அந்தப் பாதையை இறங்குவதற்கு வைத்துக்கொள்வதே என் விருப்பம்.

இனிப் பாதை. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டிக்கோயாவுக்கு இறக்கம், வனராஜா தாண்டியதும் காசல்ரீ ஏரி வலப்பக்கம் விரிந்து நோர்வூட் வரை விட்டு விட்டுக் கூடவே வரும். ஏரியைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் கட்டியது, ஒரு அரை மணித்தியாலம் அங்கே இருந்துவிட்டுப் போகலாம். நோர்வூட்டில் வழி பிரிகிறது. ஒன்று மேட்டில் ஏறி மஸ்கெலியாவுக்கும் அப்பால் நல்லதண்ணிக்கும் போகிறது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு மொத்தம் 33 கிலோமீற்றர் அளவில்தான் வரும், ஆனால் நம் ஊர் 33 கிலோமீற்றர் மாதிரி நினைத்துவிடாதீர்கள், யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான், இங்கே ஒவ்வொரு வளைவும் ஏறும் அல்லது இறங்கும். இடையில் நின்று தேநீர் குடித்து, ஆட்களோடு கதைத்து, அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கெலியாவுக்குப் பிறகு மவுசாக்கலைக் கரை, எதிரே மலையின் கூர்முனை, அதன் சரிவெல்லாம் காடு. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் சேர்த்தி.

இரவு நல்லதண்ணியில் தங்குங்கள். சிறிய விடுதிகள் நிறைய இருக்கின்றன, யாத்திரைக் காலத்தில் மட்டும் முன்பதிவு தேவை. மலை ஏற ஆசையிருந்தால் (2,243 மீற்றர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல்) ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். இரவில் மலை ஏறிவிட்டுக் காலையில் அதே காலோடு சைக்கிள் மிதிப்பது வேண்டாத வேலை, இறக்கத்தில் கை பிறேக்கைப் பிடித்திருக்கும், கவனம் வேறெங்கோ இருக்கும்.

திரும்பும்போது வந்த வழியே வராமல் மஸ்கெலியாவிலிருந்து மவுசாக்கலை அணைப் பக்கமாக நோர்ட்டன் பிரிஜ்ஜுக்குப் போய், அங்கிருந்து காசல்ரீ அணை வழியாக ஹட்டனைப் பிடித்தால் இரண்டு ஏரிகளும் ஒரு சுற்றில் அடங்கிவிடும். வாகனம் குறைவு, நிழல் அதிகம், எனக்கு இந்தச் சுற்றில் மிகப் பிடித்த பகுதி இதுதான். நோர்ட்டன் இரண்டு ஏரிகளையும்விடத் தாழ்வான இடம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் கீழே விழுந்து மின்சாரம் தருவதே இங்கேதான், இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். நோர்ட்டன் மின்நிலையம் விமலசுரேந்திர என்ற பொறியியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது, இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் வாதாடியவர் அவர். அணைகளில் காவலர்கள் இருப்பார்கள், படம் எடுக்க முன் கேட்டுவிடுங்கள்.

ஏற்றம் பயமாக இருக்கிறது, பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் நோர்வூட்டில் மஸ்கெலியாப் பக்கம் திரும்பாமல் பொகவந்தலாவைக்குப் போங்கள். ஆற்றோடு ஒட்டிய பள்ளத்தாக்கு, ஒப்பீட்டளவில் சமதரை. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இலங்கையில்தான் இறந்தார், பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அப்புறம், ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் வீதியிலிருந்தே தெரியும், ஆனால் பிரதான வீதி, வாகனம் கூட.

கொழும்பில் வாடகைக்குக் கிடைக்கும் கியர் இல்லாத சைக்கிள் இங்கே உதவாது. உங்கள் சைக்கிளையே கொண்டு வருவதானால் மிகச் சிறிய கியரில், முன் பல்லுச் சக்கரமும் பின் பல்லுச் சக்கரமும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கட்டும், ரயர் 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். பிரதான வீதிகள் கார்ப்பெட் (வழுவழுப்பான தார்) போட்டவை, தோட்டத்துக்குள் நுழைந்ததும் கல்லும் குழியும்தான். ஹட்டனில் சைக்கிள் திருத்துபவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் வெளிநாட்டுச் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்கு அவர்களுடைய பம்ப் பொருந்தாமல் போகலாம். அந்தச் சின்னப் பித்தளை அடப்டர் ஒன்று, இரண்டு ரியூப், இரண்டு சோடி பிறேக் கட்டை, மலிவான பொருட்கள்தான், பெட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஓட வேண்டும் என்பது தெரிந்த விஷயம், என்றாலும் தேநீர்க் கடையில் நின்றுவிட்டுத் திரும்ப வீதியில் இறங்கும் அந்த நிமிடத்தில்தான் கனடா, ஐரோப்பாப் பழக்கம் காலை வாரும். வளைவுகளில் பஸ் ஹோன் கேட்டால் ஓரத்துக்கு வந்து நின்றுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசல்ரீப் பக்கத் தேயிலைக் காடுகளில் சிறுத்தைகள் உண்டு, இருட்டிய பிறகு தோட்டப் பாதைகளில் ஓட வேண்டாம். அதைவிட அன்றாட ஆபத்து குளவி. கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கும், அவர்கள் ஒரு பாதையைக் காட்டிப் போகாதீர்கள் என்றால் போகாதீர்கள். மழைக்குப் பிறகு அட்டை, நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடவுங்கள், கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அருகில் டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அம்புலன்சுக்கு 1990, கட்டணம் இல்லை.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோட்டப் பாதைகள் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கின்றன, ஆனால் அவை மக்களின் வாசல் வழியாகப் போகின்றன. லயன் அறைகளின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவது மரியாதை இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே பல வருடம் போராட வேண்டியிருந்தது. இனக் கலவரங்களில் இங்கிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம், உங்கள் கிளிநொச்சி உறவுகளின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் தோட்டங்களில் ஒன்றில் இன்றைக்கும் சொந்தக்காரர் இருக்கலாம். பறிக்கிற அக்காமாரிடம் வணக்கம் சொல்லிக் கதையுங்கள், படம் வேண்டுமென்றால் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மறிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வீதியில் வைத்து இனிப்பும் காசும் கொடுக்காதீர்கள். உதவ மனமிருந்தால் தோட்டப் பாடசாலை அதிபரைச் சந்தித்து என்ன தேவை என்று கேளுங்கள்.

சாப்பாட்டைச் சந்திக் கடைகளில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், பத்து மணிக்கு வடையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும், ஏற்றத்துக்கு இதைவிட நல்ல எரிபொருள் கிடையாது. காசு அந்தக் கடைக்காரர்களிடமே போய்ச் சேரும். ஹட்டனை விட்டுக் கிளம்பும்போதே சில்லறை மாற்றி வைத்திருங்கள், 5,000 ரூபாய்த் தாளைத் தோட்டக் கடையில் நீட்டினால் மிச்சம் கொடுக்க அவர்களிடம் இருக்காது.