பிராகில் ஒரு நாள்: மாணவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் டிரெஸ்டனில் முதுகலை படித்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை நண்பர்கள் கூட்டத்தோடு செக் நாட்டின் தலைநகர் பிராகுக்குப் போனேன். மூன்று தடவையும் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு என்னுடையது. முதல் தடவை 22 பேர். நேரே கோட்டைக்குப் போய் வரிசையில் நின்றதிலேயே மதியம் ஆகிவிட்டது. அப்புறம் கடிகாரம், பாலம், படம், ரயில். திரும்பும் வழியில் ஒரு தம்பி, "அக்கா, இந்த ஊர் மாணவர்களைப் பற்றி ஏதோ சொல்றேன்னீங்களே?" என்று கேட்டான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மாணவர்களோடு பிராகுக்குப் போய்விட்டு, ஆட்சியை எதிர்த்து நின்ற இந்த ஊர் மாணவர்களின் கதையைச் சொல்லாமல் திரும்புவது பெரிய குறை. அடுத்த தடவை பாதையையே மாற்றினேன். அந்தப் பாதைதான் இது.

முதலில் கிழமை. யூதர் பகுதியின் தொழுகைக் கூடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே வார நாளில் போங்கள். டிரெஸ்டனிலிருந்து எல்பே ஆற்றை ஒட்டியே ஓடும் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எல்லோர் கையிலும் இருக்கட்டும், எல்லையில் போலீஸ் ஏறிக் கேட்பதுண்டு.

கூட்டத்தை ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யாராவது தொலைந்தால் எங்கே வரவேண்டும் என்பதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் குதிரைச் சிலைதான் நல்ல இடம். உள்ளூர்க்காரர்களே "குதிரையிடம் சந்திப்போம்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

பணம் கொருனா, யூரோ இல்லை. கார்டே போதும், டிராமுக்குள்ளேயே கார்டில் டிக்கெட் எடுக்கலாம். காகித டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தியே ஆகவேண்டும். எங்களில் ஒருவர் டிக்கெட்டைப் பத்திரமாகப் பர்சில் வைத்திருந்தார், முத்திரை குத்தவில்லை. சாதாரண உடையில் வந்த பரிசோதகரிடம் அபராதம் கட்டினார்.

சரி, ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பத்து நிமிட நடையில் தேசிய அருங்காட்சியகம். அதன் முன்னே நடைபாதைக் கற்களோடு கற்களாக ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தன. சில மாதங்களில் மக்களின் எதிர்ப்பு ஓய்ந்துபோகத் தொடங்கியது. அதைப் பொறுக்காமல் 1969 ஜனவரி 16 அன்று யான் பலாக் என்ற சார்லஸ் பல்கலைக்கழக மாணவர் இந்த இடத்துக்கு அருகே தீக்குளித்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். வயது 20. அதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் அவரைவிட இளையவர் ஒருவரும் இல்லை. இங்கே சுருக்கமாகப் பேசுங்கள், வீர வசனம் வேண்டாம். மனம் நொந்த பிள்ளை யாராவது கூட்டத்தில் இருக்கலாம்.

அங்கிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கம் வழியாக இறங்கி பழைய நகரத்துக்குள் போனால் கரோலினும் (Karolinum) வரும். 1348-இல் மன்னர் நான்காம் சார்லஸ் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் போதும். 11 மணிக்குள் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். 1410-ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் மணிக்கொரு முறை எலும்புக்கூட்டுப் பொம்மை மணியடிக்க, இயேசுவின் அப்போஸ்தலர்களின் பொம்மைகள் ஜன்னலில் வந்து போகும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நேரம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு வசதி. பையை முன்னால் மாட்டச் சொல்லுங்கள்.

கடிகாரத்தை விட்டுச் சில அடி நகர்ந்து தரையைப் பாருங்கள். நகரசபைக் கட்டடத்தின் பக்கம் 27 வெள்ளைச் சிலுவைகள் கல்லில் பதித்திருக்கும். 1618-இல் கோட்டையின் ஜன்னல் வழியாக ஹப்ஸ்பர்க் ஆட்சியின் ஆளுநர்களை வெளியே தள்ளியதில் தொடங்கிய கிளர்ச்சி தோற்றது. 1621 ஜூன் 21 அன்று அதன் தலைவர்கள் 27 பேரை இங்கே கொன்றார்கள். அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ். மருத்துவர், அதே பல்கலைக்கழகத்தின் தலைவர், 1600-இல் இந்த ஊரில் பொதுமக்கள் முன்னே உடற்கூறு ஆய்வு செய்து காட்டியவர். எங்களோடு வந்த மருத்துவ மாணவி ஒருத்தி இந்த இடத்தில் வெகுநேரம் நின்றாள்.

அடுத்து பின்காஸ் தொழுகைக் கூடம். நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், இருந்தாலும் இதை விடாதீர்கள். மாணவர் அடையாள அட்டை இருந்தால் குறையும். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கும். மாடியில் டெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். வெளியே வந்ததும் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். ஆற்றுப் பக்கம் நடந்தால் யான் பலாக் சதுக்கம், அவர் படித்த கலைப் புலம் அங்கேதான். முன்பு சோவியத் செஞ்சேனை வீரர்கள் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு 1989 டிசம்பரில் அவர் பெயரை வைத்தார்கள்.

பிறகு சார்லஸ் பாலம். மதியத்தில் கூட்டம் நெரியும். 516 மீட்டரையும் சேர்ந்தே நடக்க முயலவேண்டாம், மறுகரையில் சந்திக்கலாம். பாலம் முடிவதற்குள் இடப்பக்கம் படி இறங்கினால் கம்பா தீவு, புல்வெளி, ஆறு. சாப்பாட்டுக்கு இதுதான் இடம். பழைய நகரச் சதுக்கத்து உணவகங்களில் மாணவர் பர்ஸ் தாங்காது. சூப்பர் மார்க்கெட்டில் நீளமான சின்ன ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கடையில்தான் சாப்பிட வேண்டுமென்றால் "ஸ்மாஜெனி சீர்" என்று கேட்கலாம். சீஸை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள்.

மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராம் ஏறினால் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இறங்கலாம். களைத்த கால்களோடு மேட்டில் ஏறவேண்டாம். வளாகத்துக்குக் கட்டணம் இல்லை, பை சோதனை உண்டு. 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்த பேராலயத்தின் முன்பகுதியை இலவசமாகப் பார்க்கலாம், செக் ஓவியர் மூக்கா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அங்கேயே இடப்புறம் தெரியும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள், அதனால் அந்த மாதங்களில் தொழுகைக் கூடத்தில் கொஞ்ச நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதே 22-இல் திரும்பி, ஆற்றைத் தாண்டி நாரோட்னி தெருவில் இறங்குங்கள். நாளின் கடைசி இடம் இது, அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1939 அக்டோபரில் நாஜி எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட மருத்துவ மாணவர் யான் ஓப்லெடல் நவம்பர் 11 அன்று இறந்தார். அவர் இறுதிச் சடங்கிலும் மாணவர்கள் திரண்டதால் நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் இயக்கத்தினர் ஒன்பது பேரைக் கொன்றார்கள். உலக மாணவர் தினம் அந்த நாளின் நினைவாகத்தான் வந்தது. சரியாக 50 ஆண்டு கழித்து, அதே நவம்பர் 17 அன்று, அந்த நினைவுக்காக அல்பெர்டோவ் பகுதியில் கூடிய மாணவர்கள் விஷெஹ்ராட் குன்று ஏறி, ஆற்றங்கரை வழியாக இந்தத் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் வழியை அடைத்து அடித்தது. அதற்குப் பிறகு ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி போய்விட்டது.

தெருவோரத்து வளைவு நடையில், சுவரில் வெண்கலக் கைகள் சில நீண்டிருக்கும், கீழே 17.11.1989 என்ற தேதி. அடிக்கடி பூவும் மெழுகுவர்த்தியும் இருக்கும். மூன்றாவது தடவை காலையிலேயே ஒரு பாக்கெட் சின்ன மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தேன். ஆளுக்கொன்று ஏற்றினார்கள். முதல் தடவை ரயிலில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியும் அன்றைக்கு மறுபடி வந்திருந்தான். 1939-ஐயும் 1989-ஐயும் மற்றவர்களுக்கு அவனே சொன்னான். அங்கிருந்து ரயில் நிலையம் இருபது நிமிட நடை. கிளம்புமுன் தலைகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.