பக்கத்து காலேஜை வச்சு ஊர் கரண்ட் பில்லை குறைக்கிறது எப்படி

பஞ்சாயத்து கரண்ட் பில்லுல பெரும்பங்கு தெருவிளக்கும் குடிதண்ணி மோட்டாரும்தான். சோலார் கம்பெனிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற இன்ஜினியரிங் காலேஜுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

முதல்ல உன்னத் பாரத் அபியான்ல அந்த காலேஜ் இருக்கான்னு கேளுங்க. 2014ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம் இது, ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்குது, சேர்ந்த காலேஜ் ஒவ்வொண்ணும் 5 கிராமத்தை தத்தெடுக்கணும். இல்லைன்னாலும் பரவாயில்ல, இஇஇ (எலக்ட்ரிக்கல்) டிபார்ட்மென்ட் எச்ஓடியை, அதாவது துறைத் தலைவரை நேரா பாருங்க, பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடுற நேரமா பார்த்து போனா வேலை சீக்கிரம் நடக்கும். போறப்போ ஒரு வருஷ ஈபி பில்லும், எத்தனை விளக்கு, எத்தனை மோட்டார்ங்கிற கணக்கும் கையில இருக்கட்டும், தலைவர் கையெழுத்தோட ஒரு லெட்டரும் வேணும்.

பசங்க வந்ததும் சோலார் பேனல் பேச்சை எடுக்க விடாதீங்க, முதல்ல அளக்கட்டும். எங்க ஊர்ல அப்படித்தான் பண்ணோம். 30,000 லிட்டர் டேங்க் நிறைய 7 மணி நேரம் ஆகுது, மோட்டார் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தோம். ஒரு பொண்ணு டாங் டெஸ்டரை (வயரை வெட்டாமலே கரண்ட் அளக்கிற கருவி) வயர்ல மாட்டி ஆம்ப்ஸ் எழுதிக்கிச்சு, அப்புறம் பக்கெட்டும் செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் வச்சு மோட்டார்கிட்ட வர்ற தண்ணியையும் டேங்க்ல விழுற தண்ணியையும் தனித்தனியா அளந்துச்சு. நடுவுலயே தண்ணி குறையுது! தோண்டிப் பார்த்தா மண்ணுக்குள்ள பைப் ஜாயின்ட் விட்டுப்போய் எத்தனை மாசமா ஒழுகிட்டு இருந்ததோ தெரியல, மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ஸ்டார்டர் பாக்ஸை திறக்குறப்போ எலக்ட்ரீஷியன் கூடவே நிக்கணும், பசங்களை தனியா விடவே கூடாது.

அடுத்தது விளக்கு. பழைய சோக் வச்ச 40 வாட்ஸ் டியூப்லைட் சோக்கோட சேர்த்து 50 வாட்ஸ் கிட்ட இழுக்கும், 20 வாட்ஸ் எல்இடி போட்டா 60 விளக்குக்கு ராத்திரி 12 மணி நேரத்துல 21 யூனிட்டுக்கு மேல மிச்சம். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட்தான் தரும், அப்போ வெறும் விளக்கை மாத்தினாலே 5 கிலோவாட் பேனல் வாங்குற செலவு மிச்சம்னு அர்த்தம்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சம் இருக்கிற லோடுக்கு எவ்வளவு சோலார்னு அவங்களையே கணக்கு போட சொல்லுங்க. வீட்டு மாடியில போட நினைக்கிறவங்களுக்கு மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் திட்டத்துல மானியம் இருக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், ஆன்லைன்ல அப்ளை பண்ண பசங்க உதவி பண்ணுவாங்க.

பெரிய சிக்கல் அதுக்கப்புறம்தான் வரும், பேட்ச் முடிஞ்சதும் பசங்க போயிடுவாங்க, அதனால அடுத்த பேட்ச்சும் வந்து அளக்கணும்னு காலேஜ்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. ரீடிங் நோட்டு டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்டயே இருக்கட்டும், பேனலை விடியக்காலையில தண்ணி விட்டு கழுவுறதையும் அவருக்கே சொல்லிக்கொடுத்து, அதுக்குன்னு மாசம் ஒரு தொகை கிராம சபையில தீர்மானம் போட்டு கொடுத்துடுங்க.